தலைப்பிரசவம் தாய்வீட்டிலா, வேலை பார்க்கும் ஊரிலா?

சித்தூர் பஸ் நிலையத்தில் வேலூர் பஸ்கள் நிற்கும் பக்கம் காலை வேளையில் சற்று நேரம் நின்று பார்த்தால் ஒரு காட்சி அடிக்கடி கண்ணில் படும். முழங்கை வரை கண்ணாடி வளையல் அடுக்கிய ஓர் இளம்பெண். பக்கத்தில் அவளுடைய தாயார். கையில் துணிப்பையும் டிபன் கேரியரும். கணவன் ஜன்னலோரமாக இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுங்க அத்தை" என்று மாமியாரிடம் சொல்கிறான். ஒன்பதாம் மாதத்தில் வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்காகப் பெண் தாய்வீடு போகிறாள். திருப்பதி ரயில் நிலையத்தில் காட்பாடி வண்டியிலும் இதே காட்சிதான். ரேணிகுண்டாவிலிருந்து புத்தூர், ஏகாம்பரகுப்பம், திருத்தணி வழியாக அரக்கோணம் செல்லும் வண்டியிலும் இதே காட்சிதான்.

பிழைப்புக்காக ஆந்திரத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு இது வெறும் சம்பிரதாயம் அல்ல. ஆலைத் தொழிலாளிக்கும் ரயில்வே குமாஸ்தாவுக்கும் லாட்ஜ் சிப்பந்திக்கும் இரண்டு அறை வீட்டில் பிரசவம் பார்க்கத் துணை கிடையாது. தாய் அருகில் இருந்தால் தைரியம். மொழியும் சொந்த மொழி. ஆகையால் மாநில எல்லையைக் கடந்து போகிறார்கள். ஆனால் அந்தப் பயணத்தில், அட்டையில், ஆஸ்பத்திரித் தேர்வில் செய்யும் சிறு தவறு எவ்வளவு பெரிய ஆபத்தாக முடியலாம் என்பதைப் பலரும் யோசிப்பதில்லை.

ஓர் இரவும் மூன்று மரணங்களும்

இந்த வட்டாரத்துக்கும் பிரசவ மருத்துவத்துக்கும் உள்ள தொடர்பு பழையது. இன்றைய சித்தூர் மாவட்டம் 1911-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம்தான் பிறந்தது. அதற்கு முன் சித்தூர் நகரம் வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. வேலூரும் சித்தூரும் அன்று ஒரே மாவட்டம். திருத்தணி வட்டாரம்கூட 1960 வரை சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது.

1890-ஐ ஒட்டிய காலம். திண்டிவனத்தில் அமெரிக்க மிஷன் டாக்டர் ஜான் ஸ்கடரின் பங்களாவுக்கு ஒரே இரவில் மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். மூவரும் வெவ்வேறு சமூகத்தைச் சேர்ந்தவர்கள். மூவரின் மனைவிமாரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். டாக்டர் ஆண் என்பதால் அவரை வீட்டுக்கு அழைக்க மூவருக்கும் மனமில்லை. அவருடைய மகள் ஐடா வர முடியுமா என்று கேட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு வைத்தியம் தெரியாது. பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டிருந்தனர்.

அந்த இரவுதான் ஐடா ஸ்கடரை டாக்டராக்கியது. 1899-ல் அமெரிக்காவில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றுத் திரும்பியவர், 1902-ல் வேலூரில் பெண்களுக்கென ஓர் ஆஸ்பத்திரியைத் திறந்தார். 1909-ல் நர்ஸுகளுக்கான பயிற்சிப் பள்ளியும், 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். இன்றைய வேலூர் சி.எம்.சி. அந்த விதையிலிருந்து வளர்ந்ததே. இன்று சித்தூர் மாவட்ட எல்லைக்குள்ளேயே அதற்கு ஒரு வளாகம் இருக்கிறது.

அந்தக் காலத்து நிலைமை எப்படி இருந்தது என்பதற்கு அரசாங்கத்தின் சாட்சியமே உண்டு. 1946-ல் அறிக்கை தந்த போர் கமிட்டி, இந்தியாவில் ஆண்டுதோறும் சுமார் 2 லட்சம் பெண்கள் கர்ப்பம், பிரசவம் சம்பந்தமான காரணங்களால் இறப்பதாகக் கணக்கிட்டது. "பிள்ளைப்பேறு மறுபிறப்பு" என்று பாட்டிமார் சொன்னது அலங்கார வார்த்தை அல்ல.

திருப்பதியில் உள்ள வசதி

திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரி 1960-ல் தொடங்கியது. அதனுடன் இணைந்த ரூயா ஆஸ்பத்திரி 1962 முதல் இயங்குகிறது. பிரசவத்துக்கென்று தனியாகவே அரசு மகப்பேறு மருத்துவமனை உள்ளது. 1993-ல் 'சுவிம்ஸ்' எனப்படும் ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிலையமும், 2014-ல் அதன் கீழ் பெண்களுக்கான ஸ்ரீ பத்மாவதி மருத்துவக் கல்லூரியும் வந்தன. சித்தூரில் மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி இருக்கிறது. மேற்கே குப்பத்தில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. மதனப்பள்ளியில் மிஷன் நடத்தும் மேரி லாட் லைல்ஸ் ஆஸ்பத்திரி நூற்றாண்டைக் கடந்தது.

2022 ஏப்ரலில் பழைய சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டு, திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஆயினும் சிக்கலான பிரசவங்கள் திருப்பதியை நோக்கி வருவது மாறவில்லை. சித்தூர், நெல்லூர், கடப்பை எனப் பல பக்கங்களிலிருந்தும் கர்ப்பிணிகள் அங்கே அனுப்பப்படுகிறார்கள். ஆகவே கூட்டம் அதிகம். வரிசை நீளம். வராந்தாவில் பாய் விரித்துக் காத்திருக்கும் உறவினர்களைப் பார்த்துவிட்டு, "இங்கே எப்படி நம்ம பிள்ளையைச் சேர்ப்பது?" என்று தயங்கும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. தயக்கம் இயற்கையே. ஆனால் அந்தக் கூட்டத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் இரவு இரண்டு மணிக்கும் டாக்டர் இருப்பார், மயக்க மருந்து கொடுப்பவர் இருப்பார், ரத்தம் கிடைக்கும். பளபளப்பான சிறிய நர்சிங் ஹோமில் இவை மூன்றும் எந்நேரமும் இருக்குமா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

"நம்ம ஊரில்தான் நல்லது" என்பது உண்மையா?

தமிழ்நாட்டில் பிரசவம் பார்ப்பதே பத்திரம் என்ற எண்ணம் பலருக்கு உறுதியாக இருக்கிறது. ஒரு காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. 2001-03-ஆம் ஆண்டுகளுக்கான மத்திய அரசின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி, ஒரு லட்சம் குழந்தைப் பிறப்புக்கு இறந்த தாய்மார்களின் எண்ணிக்கை தமிழ்நாட்டில் 134. அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 195. அகில இந்திய சராசரி 301.

தமிழ்நாடு அந்த நிலையை அடைந்தது தற்செயலாக அல்ல. கிராம சுகாதார நர்ஸுகள் வீடு தேடிப் போனார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருபத்து நான்கு மணி நேரமும் நர்ஸுகள் இருக்க ஏற்பாடு செய்யப்பட்டது. தாய் இறந்த ஒவ்வொரு சம்பவத்தையும் விசாரித்துக் காரணம் கண்டறியும் வழக்கம் 1990-களிலேயே தொடங்கியது. பிரசவ அறையில் உறவுக்காரப் பெண் ஒருவர் உடனிருக்கலாம் என்ற அனுமதியும் அரசு ஆஸ்பத்திரிகளில் 2004 முதல் வந்தது.

ஆனால் கணக்கு மாறிவிட்டது. 2018-20-க்கான அதே மாதிரிப் பதிவுக் கணக்கில் அகில இந்திய சராசரி 97 ஆகக் குறைந்தது. தமிழ்நாடு 54. ஆந்திரம் 45. கேரளம் 19. அதாவது எல்லைக்கு அந்தப் பக்கம் போனால் மட்டுமே உயிர் பத்திரம் என்ற பேச்சுக்கு இன்று ஆதாரம் இல்லை. ஆஸ்பத்திரியில் நடக்கும் பிரசவங்களின் விகிதமும் அப்படியே. 2005-06 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 64 சதவீதப் பிரசவங்களே ஆஸ்பத்திரியில் நடந்தன. 2019-21 கணக்கெடுப்பில் ஆந்திரத்தில் 96 சதவீதத்துக்கும் மேல்; தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேல்.

தாய் மடியின் தைரியத்துக்கு எந்தக் கணக்கும் ஈடாகாது. ஆனால் "எந்த மாநிலம்" என்று கேட்பதைவிட "எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மணி நேர தூரம்" என்று கேட்பதே இன்று சரியான கேள்வி.

மூன்று தாமதங்கள்

பிரசவத்தில் தாய் இறப்பதற்குப் பெரும்பாலும் மூன்று தாமதங்களே காரணம் என்று 1994-ல் தாடியஸ், மெய்ன் என்ற இரு பெண் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். முதலாவது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று முடிவெடுப்பதில் தாமதம். இரண்டாவது, போய்ச் சேருவதில் தாமதம். மூன்றாவது, போய்ச் சேர்ந்த பிறகு சரியான சிகிச்சை கிடைப்பதில் தாமதம். ஏழை நாடுகள் அனைத்துக்கும் பொருந்தும் இந்த உண்மை, திருப்பதி, சித்தூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கும் அப்படியே பொருந்துகிறது.

முதல் தாமதம் வீட்டில் தொடங்குகிறது. கணவன் இரவு ஷிப்டில் இருக்கிறான். மனைவிக்கு நெற்றிப் பொட்டு வெடிப்பது போலத் தலைவலி, கண் மங்கல், முகம் வீக்கம். "அவர் வரட்டும்" என்று காத்திருக்கிறாள். ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வருவதற்கு முந்திய அறிகுறிகள் இவை. காத்திருக்க நேரமில்லை. அதேபோல் பிரசவத்துக்குப் பிந்திய ரத்தப்போக்கு இரண்டு மணி நேரத்துக்குள் உயிரைக் கொண்டுபோய்விடக்கூடியது. பெண்ணே முடிவெடுக்கலாம் என்ற உரிமையையும், கையில் கொஞ்சம் பணத்தையும், பக்கத்து வீட்டாரின் துணையையும் எட்டாம் மாதமே ஏற்பாடு செய்துவிட வேண்டும்.

இரண்டாவது தாமதம் பாதையில் நேர்வது. 108 ஆம்புலன்ஸ் முதன்முதலில் தொடங்கியதே அன்றைய ஆந்திரத்தில்தான். 2005 ஆகஸ்ட் 15 அன்று. தமிழ்நாட்டுக்கு அது 2008-ல் வந்தது. சத்தியவேடு, நகரி, குடிபாலா போன்ற எல்லையோர ஊர்களில் இருப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். செல்போன் பக்கத்து மாநிலத்து டவரைப் பிடித்திருந்தால் அழைப்பும் அங்கே போய்விடக்கூடும். எனவே போனை எடுத்தவுடன் மாநிலம், மாவட்டம், மண்டலம், ஊர் என்று வரிசையாகச் சொல்லிவிடுவது நல்லது. பிரசவம் முடிந்து தாயையும் குழந்தையையும் வீட்டில் கொண்டுபோய் விடுவதற்கு ஆந்திரத்தில் 102 எண்ணில் 'தல்லி பிட்ட எக்ஸ்பிரஸ்' என்ற வண்டிகள் ஏற்பட்டன. 2022-ல் 500 வண்டிகளுடன் அது புதுப்பிக்கப்பட்டது. தல்லி என்றால் தாய். பிட்ட என்றால் பிள்ளை.

மூன்றாவது தாமதம் ஆஸ்பத்திரிக்குள். அதில் தமிழர்களுக்கென்று ஒரு தனிச் சங்கடம் உண்டு. அது மொழி.

"நொப்புலு வஸ்துன்னாயா?"

சித்தூர், நகரி, புத்தூர்ப் பக்கம் தமிழ் தெரியாத நர்ஸைக் காண்பது அரிது. அங்கே கவலையில்லை. ஆனால் மதனப்பள்ளி, பீலேர்ப் பக்கமோ, கடப்பையிலிருந்து வந்து பயிற்சி பெறும் இளம் டாக்டர்களிடமோ தெலுங்குதான். மதுரையிலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ திருமணமாகி வந்து ஓராண்டுகூட ஆகாத பெண் அங்கே திகைத்துப் போகிறாள். "நொப்புலு வஸ்துன்னாயா?" என்று கேட்டால், வலி வருகிறதா என்று கேட்கிறார்கள் என்பது அவளுக்குப் புரிவதில்லை. தலையை ஆட்டிவிடுகிறாள்.

கொஞ்சம் வார்த்தைகளைக் கற்றுக்கொண்டால் போதும். கான்பு என்றால் பிரசவம். நொப்பி என்றால் வலி, பன்மையில் நொப்புலு. உம்மநீரு என்றால் பனிக்குடத்து நீர். ரக்தஸ்ராவம் என்றால் ரத்தப்போக்கு. பாலிந்த என்றால் பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி. புட்டில்லு என்றால் பிறந்த வீடு. "உம்மநீரு போயிந்தி", அதாவது பனிக்குடம் உடைந்துவிட்டது என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லத் தெரிந்தால் பத்து நிமிஷம் மிச்சமாகும். பிரசவ அறையில் பத்து நிமிஷம் என்பது சாதாரண விஷயமல்ல. அந்தந்தக் குடியிருப்பில் தெலுங்கு தெரிந்த ஒரு பெண்மணியைத் துணைக்கு அழைத்துப் போவதும் நல்ல வழி.

இரண்டு மாநிலம், ஒரு வயிறு

ஆந்திரத்தில் ஏழு மாதம் பரிசோதனை செய்துகொண்டு, கடைசியில் வேலூரிலோ திருவள்ளூரிலோ பிரசவத்துக்குச் சேரும் பெண்ணின் நிலை வேறு விதமானது. அங்குள்ள டாக்டருக்கு அவளைப் பற்றி ஒன்றும் தெரியாது. ரத்த வகை என்ன, ஹீமோகுளோபின் எவ்வளவு, சர்க்கரை உண்டா, முந்தைய பிரசவம் ஆபரேஷனா, எந்த ஊசி போட்டாயிற்று, எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும். தாய் சேய் பாதுகாப்பு அட்டையை வீட்டுப் பரண்மேல் வைத்துவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். அந்த அட்டைதான் டாக்டருக்குக் கண்.

எனவே தாய்வீடு போவதென்று முடிவானால் செய்ய வேண்டியவை சில. கர்ப்பம் தெரிந்ததும் இருக்கும் ஊரிலேயே ஏ.என்.எம். அல்லது ஆஷா ஊழியரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். அட்டை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனைத் தாள் அனைத்தையும் ஒரே உறையில் போட்டு உடன் கொண்டுபோக வேண்டும். தமிழ்நாடு சேர்ந்ததும் கிராம சுகாதார நர்ஸிடம் போய்த் தெரிவிக்க வேண்டும். அங்கே கர்ப்பிணிகளுக்கு 'பிக்மி' எண் என்று ஒரு பன்னிரண்டு இலக்க எண் தருகிறார்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போது அந்த எண்ணைக் கேட்பார்கள். பிரசவ நாளன்று அதற்காக அலைவதைவிட முன்கூட்டியே கேட்டு வைப்பது மேல். கடைசி வாரம் வரை காத்திராமல், டாக்டரைக் கேட்டுக்கொண்டு சற்று முன்னதாகவே பயணத்தை முடித்துவிடுவதும் புத்திசாலித்தனம். ரத்த அழுத்தமோ, இரட்டைக் குழந்தையோ, நஞ்சுக்கொடி கீழிறங்கிய நிலையோ இருந்தால் பயணமே வேண்டாம். தாயார் இங்கே வந்து இருப்பதுதான் சரி.

பணத்தைப் பற்றியும் தெளிவு வேண்டும். 2011-ல் மத்திய அரசு தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி, எந்த அரசு ஆஸ்பத்திரியிலும் பிரசவம் இலவசம். சிசேரியன் ஆபரேஷனும் இலவசமே. மருந்து, பரிசோதனை, ரத்தம், போக்குவரத்து ஆகியவையும் அதில் அடக்கம். சாதாரணப் பிரசவத்துக்கு மூன்று நாளும், ஆபரேஷனுக்கு ஏழு நாளும் சாப்பாடும் உண்டு. "நீங்கள் வேறு மாநிலம்" என்று சொல்லி இதை மறுக்க இடமில்லை. ஆனால் மாநில அரசுகள் தனியாகத் தரும் உதவித்தொகை வேறு. தமிழ்நாட்டின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 1987-ல் 300 ரூபாயாகத் தொடங்கி, 2006-ல் 6,000, 2011-ல் 12,000, 2018-ல் ஊட்டச்சத்துப் பெட்டகம் உள்பட 18,000 ரூபாய் என்று உயர்ந்தது. அது அம்மாநிலத்தில் வசிக்கும் ஏழைப் பெண்களுக்கானது. ஆந்திர ரேஷன் கார்டும் ஆந்திர முகவரியும் உள்ளவர்கள் அதை நம்பிக் கடன் வாங்கிவிடக் கூடாது. 2017 முதல் நடைமுறையில் உள்ள மத்திய அரசின் மாத்ரு வந்தனா திட்டத்தில் முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய் உதவி உண்டு. அதற்கு வசிக்கும் ஊர் அங்கன்வாடியிலேயே விசாரிக்கலாம்.

இன்னொரு விஷயம் பிறப்புப் பதிவு. குழந்தை எந்த ஊரில் பிறந்ததோ அந்த ஊரில்தான் பதிவு. வேலூரில் பிறந்த குழந்தையைச் சித்தூரில் பதிவு செய்ய முடியாது. 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணமில்லை. 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளியில் சேர்வது முதல் பல காரியங்களுக்கும் இந்தச் சான்றிதழே ஆதாரம் என்று சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. பச்சைக் குழந்தையுடன் திரும்பும் அவசரத்தில் இதை மறந்துவிட்டு, பிறகு லீவு போட்டு அலைவதில் பயனில்லை.

வேலைக்குப் போகும் பெண்கள்

சத்தியவேடு அருகே ஸ்ரீசிட்டியிலும், திருப்பதி, ரேணிகுண்டா சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளிலும் இன்று பெண்கள் ஏராளமாக வேலை செய்கிறார்கள். இ.எஸ்.ஐ.யில் சேர்ந்துள்ள பெண்ணுக்கு முதல் இரு பிரசவங்களுக்கு 26 வாரம் வரை சம்பளத்துக்கு ஈடான தொகை உண்டு. அதற்கு முந்தைய இரண்டு சந்தாக் காலங்களில் குறைந்தது 70 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். இ.எஸ்.ஐ. இல்லாத ஸ்தாபனங்களில் 1961-ஆம் ஆண்டு மகப்பேறு உதவிச் சட்டம் வழங்கிய 12 வார விடுமுறை, 2017-ல் 26 வாரமாக உயர்ந்தது; அந்த உரிமை பின்னர் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இடம்பெற்றிருக்கிறது. காண்டிராக்டர் மூலம் வேலைக்கு வந்த பெண்கள் தங்கள் பெயரில் சந்தா கட்டப்படுகிறதா என்று முன்னதாகவே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கர்ப்பம் தரித்த பிறகு கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கமாட்டார்கள்.

கணவன் மட்டும் இ.எஸ்.ஐ. தொழிலாளி என்றால் மனைவிக்குப் பணமாக 26 வாரத் தொகை கிடையாது. ஆனால் மருத்துவ வசதி உண்டு. இதை அறியாமல் தனியார் ஆஸ்பத்திரியில் கடன் வாங்கிக் கட்டுபவர்கள் அநேகம்.

கத்தி வைத்தால்தான் பிரசவமா?

ஏழைக்கு வசதி கிடைக்காதது ஒரு பக்கம். கொஞ்சம் காசு உள்ளவர்களுக்குத் தேவைக்கு மேல் சிகிச்சை கிடைப்பது இன்னொரு பக்கம். 2019-21 கணக்கெடுப்பில் ஆந்திரத்தில் 42 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். அரசு ஆஸ்பத்திரிகளில் இது சுமார் 27 சதவீதம். தனியாரில் 63 சதவீதம். தமிழ்நாட்டிலும் மொத்தத்தில் 45 சதவீதத்தை ஒட்டியிருந்தது. உலக சுகாதார ஸ்தாபனம் 1985-ல் 10 முதல் 15 சதவீதம் போதுமென்று கருத்துத் தெரிவித்திருந்தது.

சிசேரியன் உயிர் காக்கும் ஆபரேஷன். தேவைப்படும்போது மறுப்பது மடமை. ஆனால் நல்ல நேரம் பார்த்துக் குழந்தையை வெளியே எடுக்கச் சொல்வதும், காரணம் கேட்காமல் கையெழுத்துப் போடுவதும் சரியல்ல. "ஏன் வேண்டும்? கொஞ்ச நேரம் காத்திருந்தால் என்ன?" என்று மரியாதையாகக் கேட்க ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரிமை உண்டு.

ரத்தமும் வயதும்

ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதற்கு முன்பே ஆபத்துக்கு வித்திடும் காரணங்கள் இரண்டு. ஒன்று ரத்தசோகை. அதே கணக்கெடுப்பில் ஆந்திரத்துக் கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருந்தது. உடம்பில் ரத்தம் குறைவாக உள்ள பெண்ணுக்கு மற்றவர் தாங்கும் ரத்தப்போக்கும் தாங்காது. நான்காம் மாதத்திலிருந்து 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகவே கிடைக்கிறது. வாங்கி வைத்துவிட்டு "வயிற்றைப் புரட்டுகிறது" என்று ஜன்னல் வழியே எறிபவர்கள் பலர். சாப்பாட்டுக்குப் பின் இரவில் போட்டுக்கொண்டால் புரட்டல் குறையும். கூடவே டீ, காபி குடித்தால் மாத்திரையின் பலன் போய்விடும்.

மற்றொன்று இளவயது. 20 முதல் 24 வயதுள்ள ஆந்திரப் பெண்களில் 29 சதவீதம் பேர் பதினெட்டு நிரம்பும் முன்பே மணமானவர்கள் என்கிறது அந்தக் கணக்கெடுப்பு. தமிழ்நாட்டில் இது 13 சதவீதத்தை ஒட்டியது. உடம்பு முழு வளர்ச்சி அடையும் முன் தாயாகும் பெண்ணுக்குக் கஷ்டம் இரட்டிப்பு.

பரிசோதனைக்குக் குறைந்தது நான்கு முறை போக வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனம் 2016 முதல் எட்டு முறை என்று சொல்கிறது. 2016-ல் தொடங்கிய பிரதம மந்திரி பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தின்படி ஒவ்வொரு மாதமும் 9-ந் தேதி அரசு நிலையங்களில் டாக்டர் இலவசமாகப் பரிசோதிக்க வேண்டும். சம்பளம் வாங்கும் நாளைப் போல 9-ந் தேதியையும் நினைவில் வைக்கலாம்.

உலகத்தின் கணக்கு

2023-ல் உலகில் சுமார் 2,60,000 பெண்கள் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் இறந்தார்கள். நாளொன்றுக்கு எழுநூறுக்கு மேல். இவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஏழை நாடுகளையும் இந்தியா போன்ற நடுத்தரத்துக்குக் கீழ்ப்பட்ட நாடுகளையும் சேர்ந்தவர்கள். பணக்கார நாடுகளில் லட்சம் பிறப்புக்கு 10 தாய்மார் இறக்கும்போது, மிக ஏழை நாடுகளில் 346 பேர் இறக்கிறார்கள்.

ஆயினும் பணம் இருந்தால்தான் முடியும் என்பதில்லை. இலங்கை 1926-லேயே களுத்துறையில் ஒரு சுகாதாரப் பிரிவைத் தொடங்கி, பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளை வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கியது. செல்வ நாடாக ஆகும் முன்பே தாய்மார் மரணத்தை வெகுவாகக் குறைத்துக் காட்டியது. 2023-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளில் 80 ஆஸ்பத்திரிகளில், பிரசவமான பெண்ணுக்கு அடியில் அளவு குறித்த ஒரு பிளாஸ்டிக் விரிப்பை வைத்து, ரத்தப்போக்கை உடனே அளந்து, சிகிச்சைகள் அனைத்தையும் ஒன்றாகக் கொடுத்துப் பார்த்தார்கள். கடுமையான ரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. விரிப்பின் விலை சொற்பம். கவனம்தான் பெரிது.

திண்டிவனத்தில் அன்று வந்த மூவரும் மனைவிமேல் அக்கறை இல்லாதவர்கள் அல்ல. இருட்டில் ஓடிவந்து கதவைத் தட்டியவர்கள்தான். வழக்கத்தை மீற மட்டும் அவர்களுக்குத் துணிவு வரவில்லை. இன்று வழக்கத்தை விடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வளைகாப்பு நடக்கட்டும், வளையல் ஒலிக்கட்டும், பெண் தாய்வீடும் போகட்டும். போகும் பையில் அட்டை இருக்கிறதா என்று பஸ் ஏறும் முன் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். போகக்கூடாத உடல்நிலை என்று டாக்டர் சொன்னால், பெண்ணை அனுப்புவதற்குப் பதிலாகத் தாயாரை இங்கே வரவழைக்க வேண்டும். வேலூரிலிருந்து சித்தூருக்கு வரும் பஸ்ஸும் தினமும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.